கடலுக்கு நடுவே நல்ல தண்ணி

(கூட்டமைப்பின் தை மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத குழுக்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



போன மாதம் நம்ம கூட்டமைப்பிலிருந்து பதினெட்டுப் பேர் மகாராஷ்டிராவில் இருக்கிற சிந்துதுர்க் கடல் கோட்டைக்குப் போய்விட்டு வந்தோம். போனவங்க போட்டோ காட்டியாச்சு, வாங்கி வந்த முந்திரிப்பருப்பும் தீர்ந்துபோச்சு. போகாதவங்கதான் "நீங்க பார்த்ததை எங்களுக்கும் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அவங்களுக்காகத்தான் இன்னைக்குப் பேசுறேன். போனவங்க நடுவில் திருத்தம் சொல்லலாம், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச வேண்டாம்.

முதலில் இந்தப் பயணம் எப்படி வந்ததுன்னு சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை மாதம் யுனெஸ்கோ என்கிற உலக அமைப்பு, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சிக்கோட்டை. அந்த மாதக் கூட்டத்தில் நான் பேப்பரைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "அந்தப் பதினொண்ணும் எங்க இருக்குது? அதுல கடலுக்குள்ள ஒண்ணு இருக்குதாமே?" அவ்வளவுதான். பயணச் சந்தான்னு மாதம் நூறு ரூபாய் மூன்று வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தோமே, காசிக்குப் போகணும்னு, அந்தப் பணத்தின் மேல் எல்லார் கண்ணும் போயிற்று.

பணம் நம்ம பணம். திட்ட நிதி ஒரு ரூபாய் கூடக் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்குது. பயிற்சிக்காகப் போகும் பயணம்னா வீட்டில் அனுப்பிவிடுவாங்க. காளான் வளர்ப்பு, சோப்பு தயாரிப்பு, மண்புழு உரம், எதையாவது கற்றுக்கொண்டு வருவாள்னு. "கோட்டை பார்க்கப் போறேன்"னு ஒரு பொம்பளை சொன்னால், "பார்த்து இன்னா ஆவப்போவுது?"ன்னு கேட்கிறாங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது நானே தடுமாறினேன். "கல்விச் சுற்றுலா"ன்னு எழுதினால் கேள்வி வராதுன்னு நினைத்தேன். தலைவி அம்மா விடவில்லை. "ஊர் பார்க்கன்னு எழுதும்மா, உண்மையை எழுது"ன்னாங்க. அப்படியேதான் எழுதியிருக்குது, யார் வேண்டுமானாலும் புத்தகத்தைப் பார்க்கலாம்.

இரண்டு ரயில் மாறி, கொங்கண் பாதையில் குடால் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மால்வண். அது மீனவர் ஊர். கருவாட்டு வாசனை, தென்னை மரம், ஓட்டு வீடு. நம்ம மரக்காணத்துப் பக்கம் போன மாதிரிதான் இருந்தது. பேச்சு மட்டும்தான் வேறே. கரையில் நின்று பார்த்தால் கோட்டை எதிரிலேயே தெரிகிறது, தண்ணியில் கிடக்கிற பெரிய கருப்பு வளையம் மாதிரி. கால் மணி நேரப் படகுப் பயணம் கூடக் கிடையாது.

படகைப் பற்றி விவரமாகச் சொல்லணும், என் தப்பும் அதில் இருக்குது. டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, படகு வந்ததும் நான்தான் முதலில் ஏறினேன். மோட்டார் வைத்த மரப்படகு. "ஏறுங்க, ஏறுங்க, நேரமாவுது"ன்னு கூப்பிடுகிறேன். நம்ம ஆட்களில் மூத்தவங்க, எழுபதை நெருங்குகிற ஒரு அம்மா, படிக்கட்டில் நின்னுட்டாங்க. ஏற மாட்டேன்னுட்டாங்க. பயந்துட்டாங்கன்னு நினைத்துக் கையை நீட்டினேன். அவங்க என் கையைப் பார்க்கவில்லை, படகின் மூலையைக் காட்டினாங்க. அங்கே ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் குவிந்து கிடந்தது. "அது எதுக்கு வச்சிருக்காங்க, அழகுக்கா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சமூகப்பணியில் பட்டம் வாங்கினவள் நான். பேரிடர் மேலாண்மைன்னு உங்களுக்கே இரண்டு நாள் வகுப்பு எடுத்தவள். போட்டோவில் புடவை நல்லாத் தெரியணும்னு நானும் ஜாக்கெட் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் தங்கை மகள் குடும்பம் பழவேற்காடு பக்கம். 2011 டிசம்பர் 25ஆம் தேதி பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்களே, அந்தச் சேதி வந்த ராத்திரி அவங்க தூங்கவே இல்லையாம். அதற்கு முன்னால் 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர். இரண்டு இடத்திலும் போனவங்க நம்மளை மாதிரி ஊர் பார்க்கப் போனவங்கதான்.

பதினெட்டுப் பேரும் இறங்கி நின்று, ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாக்கெட் மாட்டிவிட்டு, பிறகுதான் ஏறினோம். பின்னால் நின்றவங்க முணுமுணுத்தாங்க. முணுமுணுக்கட்டும். புடவையோடு போடுகிறதுக்கு ஒரு வழி இருக்குது, தெரிந்துகொள்ளுங்க. முந்தானையைச் சுற்றி இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டு, அதற்கு மேலே ஜாக்கெட்டைப் போட்டு, பட்டையை எல்லாம் மாட்டணும். முந்தானை வெளியே தொங்கினால் எதிலாவது சிக்கும். பட்டை மாட்டாத ஜாக்கெட் தண்ணியில் விழுந்ததும் கழன்று மேலே போய்விடும், ஆள் கீழே போய்விடும். படகில் எழுந்து நிற்கக் கூடாது, எதையாவது பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாயக் கூடாது.

படகு கிளம்பியதும் இன்னொன்றைப் பார்த்தோம். கோட்டை நேராக எதிரில் இருக்கிறது, படகோட்டி நேராகப் போகவில்லை. ஒரு இடத்தில் வளைகிறார், ஒரு இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார். கேட்டால், தண்ணிக்கு அடியில் பாறை. சில இடத்தில் நுரை தெரிகிறது, சில இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வழி தெரியாத கப்பல் வந்தால் கோட்டையில் இருந்து பீரங்கி வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பாறையே பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத்தான் கோட்டை கட்டியிருக்கிறாங்க.

இனி வரலாறு. போரடிக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

சிவாஜி மன்னருக்கு மலைக்கோட்டைகள் நிறைய இருந்தன. கடல் அவர் கையில் இல்லை. கோவாவில் போர்த்துகீசியர், மற்ற இடங்களில் ஆங்கிலேயர், டச்சுக்காரர். வடக்கே முருட் பக்கத்தில் ஜஞ்சிரா என்று ஒரு கடல் கோட்டை, அது சித்திகள் கையில். சித்திகள் என்றால் ஆப்பிரிக்காவில் இருந்து வந்த வம்சத்தார், கடல் சண்டையில் கெட்டிக்காரர்கள். சிவாஜி பலமுறை முயன்றும் ஜஞ்சிராவைப் பிடிக்க முடியவில்லை. அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது, நாமே கட்டிக்கொள்வோம் என்று மால்வண் எதிரில் குர்டே என்ற பாறைத் தீவைத் தேர்ந்தெடுத்தார். 1664 நவம்பரில் அடிக்கல் போட்டாங்க. மூன்று வருஷத்தில், 1667இல், வேலை முடிந்தது. மேற்பார்வை பார்த்தவர் ஹிரோஜி இந்துல்கர் என்ற கட்டடக் கலைஞர். அடித்தளத்தில் கல் அசையாமல் இருக்க ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறாங்க. 4,000 பவுண்டுக்கு மேல்னு கணக்குச் சொல்கிறாங்க, நம்ம கணக்கில் 1,800 கிலோவுக்கு மேல்.

உள்ளே 48 ஏக்கர். சுற்று மதில் மூன்று கிலோமீட்டர் வரும். முப்பது அடி உயரம், பன்னிரண்டு அடி கனம். மேலே ஏறி நடந்தோம், நாலு பேர் கைகோத்துப் போகலாம். மதில் நேராகப் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. வாசல் எங்கேன்னு கடலில் இருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு கொத்தளத்துக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. படகு கிட்டே போன பிறகும் "வாசல் எங்கம்மா?"ன்னு நம்ம ஆட்கள் தேடினாங்க.

மதிலை ஒட்டியே காவல்காரர்களுக்குக் கழிப்பறை கட்டியிருக்கிறாங்க. இதைச் சொல்லும்போது சிரிக்கிறீங்க. முந்நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் கோட்டை கட்டினவங்க இதை யோசித்திருக்கிறாங்க. நம்ம சமுதாயக் கூடத்துக்கு நாம் எத்தனை மனு கொடுத்தோம்? மூன்று. சரி, அதைப் பிறகு பேசுவோம்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் கிணறுதான். சுற்றிலும் உப்புக் கடல். நடுவில் மூன்று கிணறு, மூன்றிலும் நல்ல தண்ணி. பால் கிணறு, தயிர்க் கிணறு, சர்க்கரைக் கிணறுன்னு அவங்க பாஷையில் பெயர் வைத்திருக்கிறாங்க. மனுஷர் தாகத்தில் வைத்த பெயர்னு கேட்டவுடனே தெரிகிறது. கோடையில் சுற்றியுள்ள ஊர்களில் கிணறு வற்றினாலும் இங்கே வற்றாதுன்னு சொல்கிறாங்க. நம்ம ஆட்கள் ஒவ்வொருத்தரும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் நம்பினாங்க.

இது எப்படின்னு கேட்டீங்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தீவில் பெய்கிற மழை மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்கி நிற்கும். நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். அதனால் நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேலே மிதந்து நிற்கும், பால் மேலே ஆடை நிற்கிற மாதிரி. கிணறு அந்த ஆடையைத்தான் தொடுகிறது. வாளி போட்டு அளவாக இறைக்கிற வரைக்கும் நல்ல தண்ணி. மோட்டார் வைத்து இரவும் பகலும் உறிஞ்சினால் ஆடை தீர்ந்து அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறும். கடற்கரை ஓரத்துக் குழுக்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. போர் போட்டு, ஆழம் கூட்டி, கடைசியில் உப்புத் தண்ணி வந்த வீடு எத்தனைன்னு அவங்களே சொல்வாங்க. தண்ணி இல்லாமல் மூன்று கிலோமீட்டர் மதில் இருந்து என்ன பிரயோஜனம்? எதிரி வெளியே உட்கார்ந்திருந்தாலே போதும், ஒரு வாரத்தில் கதவு திறந்துவிடும்.

கோட்டைக்குள் இப்போதும் சில குடும்பங்கள் குடியிருக்கிறாங்க. அதில் ஒரு அக்கா வாசலில் கோகம் சர்பத்தும் மோரும் விற்கிறாங்க. கோகம் என்பது நம்ம புளி மாதிரி புளிப்பான ஒரு பழம், சிவப்பாக இருக்கும். எங்களில் ஒருத்தருக்கும் மராத்தி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. கையாலும் கண்ணாலும், வேன் டிரைவர் தம்பிக்குத் தெரிந்த அரைகுறை இந்தியாலும் பேசினோம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், ஜூன் முதல் சில மாதம் சுற்றுலாப் படகு கிடையாது, அப்போது பல குடும்பம் கரைக்குப் போய்விடும்னு சொன்னாங்க. ஒரு பிரசவ வலி வந்தால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாங்கன்னு நம்ம அங்கன்வாடி அக்கா கேட்டாங்க. அவங்க கடலைக் காட்டி, பிறகு வானத்தைக் காட்டினாங்க. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சிவாஜிக்கே ஒரு கோயில் உள்ளே இருக்கிறது. 1695இல் அவர் மகன் ராஜாராம் ஏற்படுத்தியது. தாடி இல்லாத சிவாஜி, படத்தில் பார்க்கிற முகம் இல்லை. சுண்ணாம்பில் பதிந்த அவருடைய கைத்தடம், கால்தடம் என்று இரண்டு சின்ன மாடத்தில் வைத்துக் கும்பிடுகிறாங்க.

1695ன்னு சொன்னேனே, அந்த வருஷம் ராஜாராம் எங்கே இருந்தார் தெரியுமா? நம்ம செஞ்சியில்! இதைத்தான் நான் அங்கே நின்றுகொண்டு எல்லாருக்கும் சொன்னேன், யாரும் நம்பவில்லை. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அவர் இறந்த பிறகு, மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் 1689இல் கொன்றுவிட்டார். தம்பி ராஜாராம் உயிர் தப்பித் தெற்கே ஓடி வந்து செஞ்சிக்கோட்டையில் இருந்து ராஜ்யம் நடத்தினார். மொகலாயப் படை சுற்றி வளைத்து ஏழு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. 1698இல்தான் கோட்டை விழுந்தது, அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அவர் மனைவி தாராபாயும் செஞ்சியில் இருந்தாங்க. நாம் ஆடு மேய்க்கிற, விறகு பொறுக்குகிற மலைதான் அது.

1700இல் ராஜாராம் செத்துப்போனார். தாராபாய்க்கு அப்போது இருபத்தைந்து வயசு, கையில் சின்னப் பிள்ளை. அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. பிள்ளை பேரில் தானே ஆட்சியை எடுத்துக்கொண்டு ஔரங்கசீப் சாகிற வரைக்கும், 1707 வரைக்கும், படையை நடத்தினாங்க. பிறகு குடும்பச் சண்டையில் ராஜ்யம் இரண்டாகி, தாராபாய் பக்கம் கொல்லாப்பூர் அரசு ஆயிற்று. சிந்துதுர்க் அந்தப் பக்கம் போயிற்று. கொஞ்ச வருஷத்தில் வீட்டுக்குள்ளேயே இன்னொரு ராணி சேர்ந்து தாராபாயைச் சிறையில் வைத்தாங்க, அதையும் மறைக்காமல் சொல்லணும். பொம்பளைகள் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தாங்கன்னு வரலாற்றில் பொய் எழுதக் கூடாது, நம்ம மினிட் புத்தகத்திலும் எழுதக் கூடாது.

1765இல் ஆங்கிலேயர் கப்பல் அனுப்பி சிந்துதுர்க்கைப் பிடித்தாங்க, "ஃபோர்ட் அகஸ்டஸ்"னு பெயரையும் மாற்றினாங்க. அப்போது கொல்லாப்பூரை ஆண்டது ஜீஜாபாய் என்ற ராணி. இவங்க சிவாஜியின் தாயார் இல்லை, அதே பெயர் வைத்த வேறே ஆள். இவங்களும் கணவரை இழந்தவங்கதான். அடுத்த வருஷமே உடன்படிக்கை போட்டு, பணத்துக்கு ஒப்புக்கொண்டு கோட்டையைத் திருப்பி வாங்கிட்டாங்க, அடகு வைத்த தாலிச்சரட்டை மீட்கிற மாதிரி. கடைசியில் 1812இல் மால்வணோடு கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று, அது வேறே.

கரைக்குத் திரும்பியதும் ராஜ்கோட் என்ற இடத்தில் சிவாஜி சிலையைக் காட்டினாங்க. 2023 டிசம்பரில் 35 அடியில் ஒரு சிலை திறந்தாங்களாம், ஒன்பது மாதம் கூட ஆகவில்லை, 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி காற்று மழையில் விழுந்துவிட்டது. 2025இல் புதுசாக வேறே வைத்திருக்கிறாங்க. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கடலுக்குள் அந்தப் பழைய மதில் நிற்கிறது. தொகுப்பு வீட்டுத் தளம் ஒழுகுகிற நம்ம அக்கா ஒருத்தர், "ஈயம் ஊத்தலை போல"ன்னாங்க. பஸ் முழுக்க சிரிப்பு.

மறுநாள் வெங்குர்லா போனோம். அங்கே மாண்டவி கழியில் "சுவாமினி"ன்னு ஒரு மகளிர் சுயஉதவிக் குழு. மீனவக் குடும்பத்துப் பெண்கள். 2017இல் இருந்து அவங்களே துடுப்புப் போட்டு, அலையாத்திக் காட்டுக்குள் ஆட்களைப் படகில் கூட்டிப் போய்க் காட்டுகிறாங்க. ஒரு அக்கா துடுப்பு வலிக்கிறாங்க, இன்னொருத்தர் மரத்தையும் பறவையையும் காட்டிச் சொல்கிறாங்க. நம்ம தலைவி அம்மாவுக்குத் துடுப்பைக் கொடுத்தாங்க, படகு வட்டமாகச் சுற்றியது. இந்தப் பயணத்தில் "உருப்படியான" விஷயம் எதுன்னு வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்க. ஆனால் எனக்கு மனசில் நிற்பது கோட்டைக் கிணறுதான்.

இன்னும் ஒன்று சொல்லணும். சம்பந்தப்பட்டவங்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இருபத்தொரு பேர் சந்தா கட்டினோம், பதினெட்டுப் பேர்தான் போனோம். ஒருத்தருக்கு மருமகள் பிரசவம். ஒருத்தரை அண்ணன் விடவில்லை, பையைக் கட்டி வாசலுக்கு வந்த பிறகு விடவில்லை. மூன்றாவது அக்கா தன் பயணப் பணத்தை எடுத்து, வாரத் தவணைக் கடன்காரன் வாசலில் உட்கார்ந்துவிட்டான்னு அவனிடம் கட்டினாங்க. மூன்று வருஷம் நூறு நூறாகச் சேர்த்த பணம். அன்றைக்கு நான் "பரவாயில்லை அக்கா, அடுத்த தடவை பார்ப்போம்"னு சுலபமாகச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நம்ம குழுவில் உள்கடன் கொடுக்கப் பணம் இருந்தது. கேட்க வெட்கப்பட்டாங்க, நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ரயில் கிளம்பும்போது எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. கோட்டைக்குள் அந்தக் கிணற்றடியில் நின்றபோதும் எண்ணினேன்.

அதனால் இன்றைக்கு இரண்டு தீர்மானம் வைக்கிறேன். ஒன்று, பயணச் சந்தாவை யாராவது இடையில் எடுக்க வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஊக்குநரும் பிரதிநிதியும் அவங்க வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம்னு கேட்கணும், உள்கடனுக்கு வழி இருக்கான்னு பார்க்கணும். இரண்டு, வருகிற மாசி மாதம் நம்ம செஞ்சிக்கோட்டைக்குப் போகிறோம். நேற்று கை தூக்கச் சொன்னேன், இந்த மண்டபத்தில் ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறினவங்க ஆறு பேர்தான். மலை அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவங்க நாம். மேலே ஏறி, பள்ளத்துக்கு மேல் போட்ட அந்தப் பாலத்தைத் தாண்டணும். கீழே சக்கரக்குளம், செட்டிகுளம் இரண்டையும் பார்க்கணும். ஏழு வருஷம் முற்றுகையில் உள்ளே இருந்தவங்க தண்ணிக்கு என்ன செய்தாங்கன்னு ஏறி நின்று பார்த்துக்கொண்டே பேசலாம்.

படகு கிடையாது, ஜாக்கெட் கிடையாது. வெயிலுக்கு முன்னால் ஏறணும், அதனால் காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருங்க. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணி, கட்டுச்சோறு. குரங்கு இருக்குது, சோற்றுப் பையை கையிலேயே வைத்துக்கொள்ளுங்க. முட்டி வலி உள்ளவங்க கீழே கல்யாண மகால் வரைக்கும் வந்தால் போதும். போன தடவை வர முடியாத மூன்று பேர் பெயரை நானே முதலில் எழுதிவிட்டேன். அந்த அண்ணனிடம் பேச ஞாயிற்றுக்கிழமை தலைவி அம்மாவும் நானும் போகிறோம், கூட வருகிறவங்க வரலாம். மற்றவங்க பத்தாம் தேதிக்குள் உங்கள் குழுப் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்க.